அத்தை வறுத்த மாவு

"அக்கா சனிக்கிழமை வர்றா. வந்ததும் உங்க கையால பர்மா நூடுல்ஸ், அதான் கவுசுவே, வேணுமாம்" என்று என் மனைவி சொன்னபோது நான் அடுப்பில் பூண்டு வதக்கிக்கொண்டிருந்தேன். பூண்டு சிவந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணெய் பொரிவது காதில் விழுந்தது. மணம் மட்டும் வரவில்லை. அது எனக்கு வராமல் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இந்தச் சங்கதி எனக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

"அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம்" என்றேன். இப்படித்தான் வாய் முந்திக்கொள்கிறது.

எல்லாம் ஒரு காய்ச்சலில் வந்த வினை. காய்ச்சல் போனது, போகும்போது என் மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன முதல் நாள், பின் சீட்டில் ஒரு வாண்டு காலைச் சாப்பாட்டை மொத்தமாக வாந்தி எடுத்துவிட்டது. மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துகிறார்கள். இதுகளுக்கு வேறு வேலையே இல்லை என்று நான் சீட்டி அடித்துக்கொண்டு ஓட்டுகிறேன். பள்ளி வாசலில் கதவைத் திறந்த ஆயா ரெண்டடி பின்னால் நகர்ந்து, "எப்படிண்ணே இதுக்குள்ள உக்காந்து வந்தீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பழகிப் போச்சும்மா" என்றேன். அதுதான் முதல் பொய். அதன் பிறகு பொய்கள் தாமாகவே வந்தன.

டாக்டர் என் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல எதற்கையா படிப்பு என்று கேட்க நாக்கு துடித்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மனைவியிடம் ஏன் சொல்லவில்லை? வெட்கம்தான், வேறென்ன. எங்கள் வீட்டில் அடுப்படி என்னுடையது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஒரு சொட்டு ரத்தத்தில் ஊர்ப்பட்ட விஷயத்தைக் கண்டுபிடிப்பாள், ஆனால் சாதம் வெந்துவிட்டதா என்று கேட்டால் முழிப்பாள். அவள் வைத்த வெந்நீர்கூட அடிப்பிடிக்கும் என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரித்துக்கொண்டு, "அதான் சமைக்கத் தெரிஞ்சவராப் பாத்துக் கட்டிக்கிட்டேன்" என்பாள். வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டதற்கு அவள் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பெருமை அதுதான். அதிலும் மண் விழுந்துவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது?

என் அம்மா வங்காளத்துப் பெண். வேலைக்குப் போன இடத்தில் அப்பா பார்த்து, பிடித்து, கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதனால் எனக்கு நாக்கு முளைத்ததே கடுகு அரைத்துவிட்ட மீனிலும், ஐந்து வகை விதை தாளித்த பருப்பிலும்தான். என் மாமியார் பர்மாவில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு கிளம்பி வந்தவர். கடைசிச் சில வருஷங்கள் எங்களோடுதான் இருந்தார். வந்த புதிதில் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"ஆம்பளைக்கு அடுப்படியில என்ன வேலை?" என்பார்.

"அதை உங்க பொண்ணைக் கேளுங்க அத்தை" என்பேன்.

நான் வெங்காயத்தை நறுக்கினால், "அரைக்கணும்" என்பார். நான் அரைத்தால், "இதுக்கு நறுக்கணும்" என்பார். ஒரு நாள் என் கடுகு மீனைச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமல், இன்னொரு கரண்டி சோற்றுக்குத் தட்டை நீட்டினார். அன்றைக்குச் சமாதானம். அதன் பிறகு நான் பர்மாச் சமையலில் கைவைத்தால், பின்னால் நின்றுகொண்டு "ம்ஹூம்" என்பார். எதற்கு ம்ஹூம் என்று சொல்ல மாட்டார். நானும் விடாமல் சண்டை போட்டே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டேன். அளவு கிளவு எதுவும் அவரிடம் கிடையாது. எல்லாம் மூக்கில் இருந்தது. "மணம் வந்துடுச்சு, இறக்கு" என்பார். அந்த மணத்தைத்தான் நான் படித்தேன். அதைத்தான் காய்ச்சலில் தொலைத்தேன்.

மூக்கு போன பிறகும் ஒப்பேற்றிக்கொண்டுதான் வந்தேன். நாக்கு இருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, உறைப்பு எல்லாம் தெரியும். மற்றதைக் கண்ணும் காதும் பார்த்துக்கொண்டன. குழம்பில் தண்ணீர் சுண்டி எண்ணெய் மேலே வந்தால் கொதிக்கிற சத்தமே மாறும். அதைக் கேட்டு இறக்குவேன். மனைவி எப்போதாவது, "இன்னைக்கு என்னமோ கொறையுதே" என்பாள். "மசாலா கடை மாத்திட்டேன்" என்பேன். யாராவது "ஆகா, என்ன வாசனை" என்றால் அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். கண்ணை மூடி, மூச்சை ஒரு இழுப்பு இழுத்து, கொஞ்சம் பொறுத்து, மெதுவாகத் தலையாட்ட வேண்டும். உடனே ஆட்டினால் மாட்டிக்கொள்வோம். புதுச் சோப்பு, மழை பட்ட மண், பக்கத்து வீட்டுக் கேக் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தலையாட்டல்தான். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஆனால் அக்காவுக்கு ஆக்கிப்போடுவதில் இந்தத் தந்திரமெல்லாம் செல்லாது.

மனைவியின் அக்கா எனக்கும் வயதில் மூத்தவர், அதனால் எனக்கும் அக்காதான். தூர தேசத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். போய்ப் பல வருஷம் ஆகிறது. போன வருஷம் அத்தை இறந்தபோது அவரால் வர முடியவில்லை. அப்போதுதான் வேலை மாறியிருந்தார், லீவு கேட்டால் மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்குப் போனில் அழுத அக்காவிடம் என் மனைவி சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "வேத்து அம்மாவையெல்லாம் குளிப்பாட்ட உனக்கு நேரம் இருக்கு. பெத்த அம்மாவைக் குளிப்பாட்ட வர முடியலல்ல?" அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டது. அதன் பிறகு மாதக்கணக்கில் பேச்சே இல்லை. இப்போதுதான் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

சமாதானமாகப் பேசிய ஒரு நாளில் இவள் சொல்லியிருக்கிறாள், "அம்மா போயிட்டாலும் அம்மா கை எங்க வீட்டுலதாங்க்கா இருக்கு. அவருகிட்ட இருக்கு" என்று. அந்தக் கையை நம்பித்தான் அக்கா கிளம்பி வருகிறார். அந்தத் தேங்காய்ப்பால் குழம்பை நூடுல்ஸ் மேல் ஊற்றிக் கொடுத்தால், அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே தட்டில் அழுது தீர்த்துவிடுவார்கள், பழசெல்லாம் கரைந்துவிடும் என்று என் மனைவி கணக்குப் போட்டிருந்தாள். வாரம் முழுக்கக் கால் தரையில் பாவாமல் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு மூக்கு செத்துவிட்டது, கவுசுவே வேண்டாம், ஹோட்டலில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லவேண்டிய வசனத்தைக்கூட வேனில் தனியாக வரும்போது சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு, காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாகக் கடுகு மீன் பண்ணலாம் என்று ஊறவைத்த கடுகைப் பச்சை மிளகாயும் உப்பும் போட்டு அரைத்தேன். மிக்ஸி மூடியைத் திறந்து, பழக்க தோஷத்தில் குனிந்தேன்.

உச்சி மண்டை வரை ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. தும்மல் வந்தது.

வந்துவிட்டது! மூக்கு வந்துவிட்டது! அடுப்படியிலேயே ஒரு ஆட்டம் போட்டேன். மறுபடி குனிந்தேன், மறுபடி ஏறியது. என் அம்மாவே நேரில் வந்து மூக்கைத் திருகிவிட்டுப் போனது போல இருந்தது.

மூக்கு செத்தவனுக்கும் கடுகின் காரம் குத்தத்தான் செய்யும், அது மணமே இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருந்தது. காபித்தூள் டப்பா கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. திறந்து ஒரு முறை மோந்து பார்த்திருந்தால் போதும். டப்பாவின் மேல் கையை வைத்தேன். அப்படியே எடுத்துவிட்டேன். சந்தோஷத்தைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவள் அக்காவை அழைத்துவரப் போனாள். நான் கோழியை வேகவைத்துப் பிய்த்து வைத்தேன். வெங்காயம், இஞ்சி, பூண்டு அரைத்து வதக்கினேன். தேங்காய்ப்பால் எடுத்தேன். முட்டை அவித்தேன். மேலே தூவக் கொஞ்சம் நூடுல்ஸைப் பொரித்து, வறுத்த மிளகாயை நொறுக்கி, எலுமிச்சம்பழம் அரிந்து, எல்லாம் கிண்ணம் கிண்ணமாக வைத்தேன். இனி குழம்பைக் கெட்டியாக்க வறுத்த கடலை மாவைக் கரைத்து ஊற்றவேண்டும். அதில்தான் இந்தக் குழம்பின் உயிரே இருக்கிறது.

கடை மாவுப் பொட்டலத்தை எடுத்தபோது அந்த யோசனை வந்தது. மேல் தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவில், அத்தை தன் கையால் கடலை வறுத்து, மில்லில் நின்று அரைத்து வந்த மாவு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர் போன பிறகு அதைத் தொட எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத பெண்ணுக்கு அம்மா வறுத்த மாவையே போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்! யோசனை வந்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

டப்பாவைத் திறந்தேன். பூச்சி இல்லை. நிறம் மாறவில்லை. மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. கெட்ட வாடை இல்லை, அப்படியானால் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல வாடையும் வரவில்லையே என்று உள்ளே ஒருவன் கேட்டான். அவன் வாயை அடைத்துவிட்டு மாவைக் கரைத்து ஊற்றினேன். ருசி பார்த்தேன். உப்பு சரி, உறைப்பு சரி. லேசாக ஒரு கசப்பு இருந்த மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் சரியாகிவிடும்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி முகத்தைச் சுளித்தாள். "என்னங்க ஏதோ மாதிரி வாடை வருது?"

"கீழ சாக்கடை அடைச்சுக்கிச்சு. காலையிலேருந்து இதே எழவுதான்" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வந்த பொய். யார் எந்த வாடையைச் சொன்னாலும் அதற்கு ஒரு காரணம் என்னிடம் தயாராக இருந்தது.

அக்கா இளைத்திருந்தார். முன்தலை நரைத்திருந்தது. "நல்லா இருக்கீங்களா தம்பி" என்று கேட்டுவிட்டு, அத்தை படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கட்டில் விரிப்பைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். என் மனைவி அக்காவின் பெட்டியை மூலையில் வைத்தாள். "பசியா இருப்பா, மொதல்ல போடுங்க. நான் குளிச்சிட்டு வந்துடறேன்" என்று குளியலறைக்குள் புகுந்துகொண்டாள்.

நான் தட்டு வைத்துப் பரிமாறினேன். நூடுல்ஸ், அதன் மேல் குழம்பு, முட்டை, பொரித்தது, மிளகாய், கடைசியில் எலுமிச்சை. எனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

அக்கா முதல் வாய் எடுத்தார். மென்றார். அப்படியே நிறுத்தினார். பிறகு கண்ணை மூடினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அப்படியே அம்மா கை தம்பி" என்றார்.

நான் விட்ட மூச்சு தெருவுக்கே கேட்டிருக்கும். வாயெல்லாம் பல்லாக, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று கேட்காமலே ஊற்றினேன். அதையும் சாப்பிட்டார். நானும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். எனக்கு மணமே வருவது போல இருந்தது, நம்புங்கள். அந்த மிதப்பில் ரகசியத்தையும் உடைத்தேன்.

"அக்கா, ஒண்ணு தெரியுமா? இதுல போட்டிருக்கிறது அத்தை வறுத்த மாவு. அவங்க கையால வறுத்தது. உங்களுக்காக இன்னைக்குத்தான் எடுத்தேன்."

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, ஒட்டிக்கொண்டிருந்த குழம்பையும் விரலால் வழித்துச் சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். அக்கா அழுதிருப்பதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. "என்ன, நான் சொன்னேன்ல?" என்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அடுத்த நொடி எழுந்து ஓடி, பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள்.

"என்னங்க இது! சிக்கு நாத்தம் கொடலைப் புடுங்குது! எந்த மாவைப் போட்டீங்க?"

"அத்தை மாவு..."

"அந்த டப்பாவா? ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே அது! திறந்ததுமே தெரிஞ்சிருக்குமே! வாசல்ல வரும்போதே நாறுச்சு, சாக்கடைன்னு சொன்னீங்க! மூக்கு செத்துப் போச்சா உங்களுக்கு?"

அவள் வழக்கமாகத் திட்டுகிற திட்டுதான். காது செவிடா, கண்ணு பொட்டையா என்று நானும் அவளைத் திட்டுவதுண்டு. ஆனால் அதற்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்றுதான்.

"ஆமா" என்றேன்.

"என்ன ஆமா?"

"செத்துத்தான் போச்சு. காய்ச்சல் வந்ததுலேருந்து. டாக்டர்கிட்ட காட்டினேன். வந்தா வரும், வராட்டி இல்லன்னாரு."

அவள் கையில் பிடித்திருந்த தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டாக்டர்கிட்ட சொன்னீங்க" என்றாள். பிறகு, "எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா? நான் அவ்வளவு பெரிய ராட்சசியா?" என்றாள். குழம்பு என் கைவிரலில் காய்ந்துகொண்டிருந்தது.

அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "நீ எப்படிக்கா சாப்பிட்டே?"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம்தான். பிறகு, "தம்பி ஆசையாப் பண்ணியிருக்காரு பாப்பா. மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது?" என்றார்.

"பாருங்க! உங்க மனசு நோகக்கூடாதுன்னு இந்தக் கண்றாவியைத் தட்டு மினுங்க வழிச்சுச் சாப்பிட்டிருக்கா. பாருங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டாள். அழுகைச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்றால் அவள் அப்படித்தான் செய்வாள்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. தட்டுகளை எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோனேன். அக்கா என் பின்னாலேயே வந்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா. எனக்காக நீங்க..."

"உங்களுக்காக இல்ல தம்பி" என்றார் அக்கா. குழாய்ச் சத்தத்துக்கு மேல் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதல் வாயிலேயே ஏதோ மாதிரிதான் இருந்துச்சு. அம்மா பண்ணினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே ஞாபகம் வரல. மூஞ்சி ஞாபகம் இருக்கு, கை ஞாபகம் இருக்கு. ருசி வரல. அங்க இருக்குற சாப்பாட்டைத் தின்னு தின்னு எப்பப் போச்சுன்னே தெரியல. சரி, நீங்கதான் அம்மாகூட நின்னு கத்துக்கிட்டவரு, உங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சேன். அம்மா வறுத்த மாவுன்னு வேற சொன்னீங்களா, இதுதான் அம்மா வாடை, நான்தான் மறந்து தொலைச்சிட்டேன்னு..."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அவர் அழுததை வைத்து நான் என் சமையல் சரி என்று நம்பினேன். நான் சமைத்ததை வைத்து அவர் இதுதான் தன் அம்மா என்று நம்பினார். நாற்றமெடுத்த மாவை நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வழித்துத் தின்றிருக்கிறோம்.

"பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க தம்பி" என்றார் அக்கா. "சாவுக்குத்தான் வரல, ருசியுமா மறந்துட்டேன்னு கேப்பா. கேட்டா எங்கிட்ட பதில் இல்ல."

நான் சரி என்று தலையை மட்டும் அசைத்தேன். அவரை நேராகப் பார்க்க முடியவில்லை. என் மூக்கைக் காய்ச்சல் கொண்டுபோனது என்று ஊருக்குச் சொல்லலாம், ஐயோ பாவம் என்பார்கள். அவர் யாரைக் கைகாட்டுவார்?

குழாய் நின்றது. மனைவி முகம் கழுவிக்கொண்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. சட்டியிலிருந்த குழம்பை அப்படியே கொட்டினாள். பிஸ்கட் டப்பாவையும் கவிழ்த்தாள். அதைக் கவிழ்க்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

"கடை மாவு இருக்குல்ல? எடுங்க. நீங்க வறுங்க, நான் மோந்து சொல்றேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"சமைக்கத்தான் தெரியாது. மூக்கு இருக்கு."

சட்டியில் மாவைக் கொட்டி மெல்லிய தீயில் வறுக்க ஆரம்பித்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். நான் நிறத்தைப் பார்த்து, போதும் என்று கையை எடுக்கப் போனேன். "ம்ஹூம்" என்றாள். அச்சு அசல் அத்தையின் ம்ஹூம். கிளறிக்கொண்டே இருந்தேன். சட்டென்று என் முழங்கையைப் பிடித்து, "இப்ப! இறக்குங்க!" என்றாள். இறக்கினேன். அவள் குனிந்து சட்டியிலிருந்து ஒரு மூச்சு இழுத்தாள். அவள் முகம் குழந்தை முகம் போல ஆகிவிட்டது. "அம்மாங்க" என்றாள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. சூடு மட்டும் மூக்கில் பட்டது. அந்த மணம் அங்கே இருக்கிறது, எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்தான் தூரம், ஆனாலும் நான் வெளியே நிற்கிறேன். இந்த வீட்டில் அடுப்படி என்னுடையது என்று எத்தனை நாள் மார்தட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மிச்சமிருந்த கோழியும் தேங்காய்ப்பாலும் போட்டு மறுபடி குழம்பு கூட்டினேன். அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். புதுத் தட்டில் அவளே பரிமாறினாள். அக்காவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, முதல் வாயை அவளே பிசைந்து அக்காவின் வாயில் ஊட்டினாள்.

"இதுதாங்க்கா அம்மா. அது ஒண்ணும் இல்ல, அதை மறந்துடு. இதுதான். தெரியுதா?"

அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அவள் கேட்கிற மன்னிப்பெல்லாம் அந்தப் பார்வையில்தான் இருந்தது. வாயால் கேட்க அவளுக்கு வராது.

அக்கா மென்றார். கண்ணை மூடினார். மூச்சை ஒரு இழுப்பு இழுத்தார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"ஆமா பாப்பா. அதேதான். அப்படியே இருக்கு."

என் மனைவி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மாதக்கணக்காக அடக்கி வைத்த அழுகை. அவள் தலைக்கு மேலே அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். இரண்டு மாதமாக நான் அதைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். கரண்டியை எடுத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"போடுங்க தம்பி" என்று அக்கா தட்டை நீட்டினார்.